பக்கத்துக் கட்டில் பாரிடோன்

சவரம் செய்யும்போதுதான் முதலில் பார்த்தேன். குரல்வளைக்குக் கொஞ்சம் கீழே, இடதுபக்கம், நெல்லிக்காய் அளவுக்கு ஒரு மேடு. எச்சில் விழுங்கினால் அதுவும் கூடவே ஏறி இறங்கியது. கேம்ப் குளியலறைக் கண்ணாடியில் ஒரு கீறல் உண்டு. அதனால் அப்படித் தெரிகிறதோ என்று அறையில் ஒவ்வொருத்தரிடமும் கண்ணாடி வாங்கிப் பார்த்தேன். எல்லாக் கண்ணாடியிலும் இருந்தது.

யாரிடமும் சொல்லவில்லை. இங்கே உடம்புக்கு ஒன்று என்றால் மனசு முதலில் ஓடுவது மருந்துப் பக்கம் இல்லை, விசாப் பக்கம். ஆளுக்கு முடியவில்லை என்று கம்பெனி ஆபீசுக்குத் தெரிந்துவிட்டால், அடுத்த வாரமே பாஸ்போர்ட்டும் டிக்கெட்டும் கையில் கொடுத்துப் போய் வா என்று அனுப்பியதைப் பார்த்திருக்கிறேன். அதனால் சட்டைக் காலரை மேல் பித்தான் வரை போட்டுக்கொண்டு டூட்டிக்குப் போனேன். ஷார்ஜா தொழில்பேட்டையில் லேபர் கேம்ப், துபாயில் சைட். ஜூன் மாத வெயிலில் மேல் பித்தான் போட்டவனைப் பார்த்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது?

என் வேலை ஷட்டரிங் ஃபோர்மேன். கான்கிரீட் கொட்டுவதற்கு முன்னால் பலகை அடைக்கிற கார்பெண்டர்கள் எல்லாரும் என் கீழே. எட்டாவதோடு படிப்பை விட்டவன் ஃபோர்மேன் ஆனதற்குக் காரணம் மூளை என்று சொல்லமாட்டேன். தொண்டைதான். கிரேன் சத்தம், கம்பி வளைக்கிற சத்தம், காற்று, இத்தனைக்கும் மேலே என் குரல் போகும். சாயங்காலம் நான் ஸ்லாபின் ஓரத்தில் நின்று "கலாஸ்!" என்று ஒரு சத்தம் கொடுத்தால், முடிந்தது என்று கீழே நாலு மாடியில் சுத்தியல் நிற்கும். குரல் போய்விட்டால் நான் திரும்பவும் பலகை சுமக்க வேண்டியதுதான். அந்த வயதும் தாண்டிவிட்டது.

குரல் லேசாகக் கம்மத் தொடங்கியபோது, எனக்கு அடுத்த இடத்தில் இருக்கிற செல்லத்துரைதான் கண்டுபிடித்தான். திருநெல்வேலிப் பக்கத்து ஆள். கெட்டிக்காரன், அதனாலேயே எனக்கு அவன் மேல் எப்போதும் ஒரு கண்.

"அண்ணாச்சி, தொண்டைக்கு என்ன? காலையிலருந்து தகரத்தத் தேச்ச மாதிரி வருது?"

"தூசி."

"தூசியா? காலர எறக்குங்க, பாப்போம்."

அவனே என்னை இழுத்துக்கொண்டு போய் ஒரு கிளினிக்கில் காட்டினான். அவன் ஏன் இத்தனை அவசரப்படுகிறான் என்று போகும்போதே யோசித்தேன். நான் படுத்தால் ஃபோர்மேன் அவன்தானே.

கிளினிக் டாக்டர் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். அங்கே டோக்கன் எடுத்துக்கொண்டு காத்திருப்பதே தனி நோய். எனக்குப் பிறகு வந்தவர்களை முன்னால் கூப்பிடுவதாக எனக்குத் தோன்றும். போய்க் கேட்டால், "பாய், அது வேற டாக்டர்" என்பார்கள். திரும்பி வந்து உட்கார்ந்தால் மறுபடி தோன்றும். ஸ்கேன் என்றால் ஒன்றுமில்லை. கழுத்தில் குளிர்ந்த பசையைத் தடவி ஒரு கருவியால் தேய்க்கிறார்கள், டீவியில் மழை பெய்கிற மாதிரி படம் தெரிகிறது. அடுத்தது ஊசிச் சோதனை. கட்டிக்குள் மெல்லிய ஊசியை விட்டுக் கொஞ்சம் உறிஞ்சி, அதில் இருப்பது நல்லதா கெட்டதா என்று பார்ப்பது. கொசுக்கடியை விடக் கொஞ்சம் கூட வலிக்கும். பயப்படத் தேவையில்லை. நான் பயந்தேன்.

டாக்டர் எகிப்துக்காரர். கழுத்தில் பட்டாம்பூச்சி மாதிரி தைராய்டு என்று ஒரு சுரப்பி இருக்கிறதாம், அதன் ஒரு சிறகில் கட்டியாம். ஊசிச் சோதனையில் நல்லது என்றும் சொல்ல முடியவில்லை, கெட்டது என்றும் சொல்ல முடியவில்லை, சந்தேகம் என்றுதான் வந்திருக்கிறது, அந்தச் சிறகை எடுத்தால்தான் தெரியும் என்றார். என்னை மாதிரி ஆட்கள் மருத்துவத்திலும் இருக்கிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு அவர் சொன்னதுதான் என்னைக் கவிழ்த்தது. அந்தச் சிறகுக்குப் பின்னால் நூல் மாதிரி ஒரு நரம்பு ஓடுகிறது, குரல் நாணை அசைப்பது அதுதான், எடுக்கும்போது அது கொஞ்சம் நசுங்கினாலும் குரல் மாறலாம். "சின்ன வாய்ப்புதான்" என்றார். சின்ன வாய்ப்பு எல்லாம் என்னைத் தேடித்தான் வரும்.

ஆபீசில் கழுத்தில் சின்னக் கட்டி என்று மட்டும் சொல்லி லீவு வாங்கினேன், குரலைப் பற்றி மூச்சு விடவில்லை. என்னை அட்மிட் செய்த அன்று பெரிய வார்டில் ஏசி வேலை நடந்தது. அதனால் இரண்டு கட்டில் உள்ள ஒரு சின்ன அறையில் போட்டார்கள். பக்கத்துக் கட்டிலில் ஒரு வெள்ளைக்காரர். அறுபதுக்கு மேல் வயதிருக்கும். பீப்பாய் மாதிரி மார்பு, நரைத்த தாடி, கட்டிலுக்கு வெளியே நீண்டு நிற்கும் கால். லேபர் கேம்ப் ஆள் பக்கத்தில் வெள்ளைக்காரரை ஏன் போடுகிறார்கள்? எங்கள் சைட்டில் வெள்ளைக்காரர் என்றால் இரண்டே வகை. ஒன்று கன்சல்டன்ட், இல்லாவிட்டால் சேஃப்டி ஆபீசர். இரண்டு பேரில் யார் வந்து நின்றாலும் அடுத்து ஒருவனுக்கு வேலை போகும்.

அவர் கேட்ட கேள்விகளும் அப்படியே இருந்தன. எனக்குத் தெரிந்த சைட் இங்கிலீஷில் எல்லாம் புரிந்தது. என்ன வேலை? வேலையில் சத்தம் போடுவாயா? எத்தனை பேர் கேட்பார்கள்? தூசி உண்டா? முகத்துக்கு மாஸ்க் கொடுக்கிறார்களா?

"நோ ஷவுட்டிங் சார். நோ டஸ்ட். கம்பெனி வெரி குட்" என்றேன்.

"வேலையாட்களை எப்படிக் கூப்பிடுவாய்?"

"ஸ்லோலி சார்."

அவர் என் கழுத்தையே பார்த்தார். நான் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு, கழிப்பறைக்குப் போய்ச் செல்லத்துரைக்குப் போன் செய்தேன்.

"டேய், கம்பெனி ஆள் போட்டுருக்கான்டா. வெள்ளைக்காரன். சைட்டுல தூசி இருக்கான்னு கேக்குறான்."

"ஆத்தாடி! என்ன சொன்னிய?"

"இல்லன்னுட்டேன்."

"நல்லதாப் போச்சு. எது கேட்டாலும் நோ ப்ராப்ளம்னே சொல்லுங்க. கட்டிய எங்க வாங்குனன்னு கேட்டா ஊர்லருந்தே கொண்டாந்ததுன்னு சொல்லிருங்க."

அடுத்த நாள் மூக்கு வழியாக ஒரு சின்னக் கேமராவை விட்டு என் குரல் நாண்களைப் பார்த்தார்கள். அறுப்பதற்கு முன்னால் அவை எப்படி அசைகின்றன என்று பார்த்து வைத்துக்கொள்கிறார்களாம். கண்ணில் நீர் வடிய அறைக்குத் திரும்பினேன். வெள்ளைக்காரர் எழுந்து உட்கார்ந்து, "இரண்டும் அசைகிறதா?" என்றார். இரண்டு நாண் என்பது எனக்கே அப்போதுதான் தெரியும். இவனுக்கு எப்படித் தெரிந்தது? என் ஃபைலைப் படித்திருக்கிறான்!

பகல் டூட்டி நர்ஸ் தவமலர் யாழ்ப்பாணத்துப் பெண். தமிழ் கேட்டால் போதும் என்றிருந்த எனக்கு அவள் தெய்வம் மாதிரி. அவளிடம் மெதுவாகக் கேட்டேன், இந்த ஆள் எந்தக் கம்பெனி என்று.

அவள் சிரித்த சிரிப்பில் ட்ரே ஆடியது. "ஐயோ அண்ணை, அவர் பாட்டுக்காரர்! அமெரிக்காக்காரர், மிஸ்டர் வெண்டல். இஞ்ச ஒரு ஹோட்டல்ல பாட வந்தவர். பித்தப்பையில கல்லு. தனி அறை ஒண்டும் இல்லையெண்டு இதுக்குள்ள விட்டிருக்கினம்."

"பாட்டுக்காரர்னா ஏன் ஒரு பாட்டுக்கூடப் பாடல?"

"வயித்து நோவோட ஆர் பாடுவினம்?"

நான் நம்பவில்லை. காலையில் வாயை மூடிக்கொண்டு வண்டு மாதிரி ம்ம்ம் என்று முனகுவார், அவ்வளவுதான். அதை நான் வலி என்று நினைத்திருந்தேன். ஒரு பாட்டுப் பாடச் சொல்லு, பார்ப்போம் என்று தவமலரிடம் சொன்னேன். அவர் வயிற்றைத் தொட்டுக் காட்டித் தலையசைத்தார். பார்த்தாயா என்று நான் அவளைப் பார்த்தேன்.

மத்தியானம் மருந்து கொடுத்து முடித்த பிறகு அவள் கொஞ்ச நேரம் எங்கள் அறையில் நிற்பாள். அவர் சொல்லச் சொல்ல அவள் தமிழில் சொன்னதுதான் இனி எழுதுவது. முழுவதும் நாடகமாகவே பாடுகிற பாட்டு ஒன்று அவர்கள் நாட்டில் இருக்கிறது, ஆபெரா என்று பெயர். மைக் கிடையாது. பெரிய வாத்தியக் கோஷ்டியைத் தாண்டிக் கடைசி வரிசைக்குத் தன் குரலை அனுப்ப வேண்டும். அதில் ஆண்குரல் மூன்று வகை. உச்சத்தில் பாடுகிறவன் கதாநாயகன். அடியில் பாடுகிறவன் கிழவன் அல்லது சாமியார். நடுவில் பாடுகிறவன் பாரிடோன். அதுதான் மிஸ்டர் வெண்டல்.

"அப்ப பாரிடோனுக்கு என்ன வேஷம்?" என்றேன்.

"வில்லனாம். இல்லாட்டிப் பொம்பிளையின்ர தகப்பனாம். பொம்பிளை ஒருநாளும் கிடைக்கிறேல்லையாம்."

கோதுமை வயலுக்கு நடுவே ஒரு சின்ன ஊரில், லாரி டிரைவருடைய பிள்ளையாகப் பிறந்தவர். சர்ச்சில் பாடியதைக் கேட்டு யாரோ படிக்க அனுப்பினார்கள். பிறகு மேடை மேடையாகக் கத்தியால் குத்துப்பட்டு, சுடப்பட்டு, விஷம் குடித்து, நரகத்தில் விழுந்து பிழைப்பு நடத்தியிருக்கிறார். செத்துக்கொண்டே பாடுவதுதான் கஷ்டம், மூச்சு வாங்குவது வெளியே தெரியக்கூடாது என்றார். சேஃப்டி ஆபீசரால் இவ்வளவு பொய்யை ஒரே மூச்சில் சொல்ல முடியுமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அன்று செல்லத்துரை ரசமும் சாதமும் கொண்டுவந்தான். கேம்ப் மெஸ்சில் கெஞ்சிக் காரம் குறைத்து வைக்கச் சொல்லியிருக்கிறான். என் கால்மாட்டில் உட்கார்ந்து சைட்டில் நடந்ததையெல்லாம் சொன்னான். எந்த மாடி முடிந்தது, எஞ்சினியர் என்ன சொன்னார் எல்லாம். கிளம்பும்போது கேட்டான், "குரல் எப்பிடி இருக்கு அண்ணாச்சி? வந்துருமா? டாக்டர் என்ன சொல்லுதாரு?"

"ஏன், வராட்டி என்ன பண்ணுவ?"

அவன் முகம் கறுத்துவிட்டது. "இப்பிடிப் பேசுதியளே. தூக்குவாளிய நாளைக்கு எடுத்துக்கிடுதேன்" என்று போய்விட்டான்.

மிஸ்டர் வெண்டல் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தவமலரிடம் ஏதோ கேட்டார்.

"அவர் உங்கட கவரோ எண்டு கேக்கிறார் அண்ணை."

கவர் என்றால், அவர்கள் தொழிலில், மெயின் பாட்டுக்காரருக்கு முடியாமல் போனால் பாடுவதற்குத் தயாராக வைத்திருக்கிற ஆள். அதே பாட்டு முழுவதும் அவனுக்கும் மனப்பாடம். கூப்பிட்ட நேரத்துக்கு ஓடி வருகிற தூரத்திலேயே இருக்க வேண்டும். பெரிய அரங்கங்களில் மிஸ்டர் வெண்டல் பெரும்பாலும் கவராகத்தான் இருந்திருக்கிறார். சின்ன ஊர்களில் நிறையப் பாடியவர் பெரிய ஊரில் நிறையக் காத்திருந்தவர்.

"அப்படின்னா அந்த மெயின் ஆளுக்குத் தொண்டை கட்டணும்னு வேண்டிக்கிட்டிருப்பீங்க?" என்று கேட்கச் சொன்னேன். தவமலர் தயங்கிவிட்டுத்தான் கேட்டாள். அவருக்குக் கோபம் வரவில்லை.

"ஓமாம் அண்ணை. ஒவ்வொரு நாளும் நினைச்சனான் எண்டு சொல்லுறார். பிறகு ஒருநாள் உண்மையாவே அந்த மனுசனுக்குக் குரல் அடைச்சிட்டுதாம். போன் வந்த உடன குளியலறைக்குள்ள போய்ச் சத்தி எடுத்தவராம். பாடினவராம், சனம் எழும்பி நிண்டு கை தட்டினதாம். அடுத்த கிழமை அந்த மனுசன் சுகமாகித் திரும்பி வந்து பாடேக்க இவர் பக்கத்தில மறைவா நிண்டு கேட்டவராம். சந்தோசமாவும் இருந்ததாம், அந்த மனுசன்ர கழுத்த நெரிக்க வேணும் போலயும் இருந்ததாம். ரெண்டும் ஒரே நேரத்தில. ரெண்டில ஒண்டுதான் இருந்தது எண்டு சொல்லுற கவர் பொய் சொல்லுறான் எண்டு சொல்லுறார்."

அன்றுதான் அவர் கம்பெனி ஆள் இல்லை என்று பாதி நம்பினேன். கம்பெனி ஆள் தன்னைப் பற்றி இப்படிச் சொல்லமாட்டான்.

இதற்கிடையில் என் ஆபரேஷன் தள்ளிக்கொண்டே போனது. காரணம் நான்தான். சம்மதக் கையெழுத்துப் போடவில்லை. அரபியிலும் இங்கிலீஷிலும் அச்சடித்த தாள். இந்த ஊரில் படிக்கத் தெரியாத தாளில் கையெழுத்துப் போட்டு, எனக்கு ஒன்றும் பாக்கி இல்லை, ஊருக்குப் போகிறேன் என்று தாங்களே எழுதிக் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும். டாக்டர், "யா கருப்பையா, ஏன்?" என்று கையை விரித்தார். மனைவி போனில் அழுதாள். "ஏங்க, கட்டிய வச்சுக்கிட்டு என்ன செய்யப் போறீக? குரல் போனாப் போகட்டும், ஆளு வாங்க." அதைக் கேட்ட பிறகு, ஊரில் யாராவது இவளைத் தூண்டிவிட்டார்களோ என்றுகூட நினைத்தேன். என் புத்தி அப்படி.

மிஸ்டர் வெண்டலும் கையெழுத்துப் போடவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. அவருக்குப் பயம் பித்தப்பையைப் பற்றி இல்லை. மயக்கம் கொடுத்ததும் மூச்சுக்காக ஒரு குழாயை வாய் வழியாக, அந்த இரண்டு நாண்களுக்கு நடுவே விடுவார்களாம். அவசரக்காரன் கையில் அது உரசினால் அவர் பிழைப்பு போச்சு. சின்னக் குழாயாகப் போடு, மெதுவாகப் போடு என்று மயக்க டாக்டரிடம் மன்றாடிக்கொண்டிருந்தார். என் தொண்டையை அவர் ஏன் அப்படிப் பார்த்தார் என்று அப்போது புரிந்தது.

வலி பொறுக்காமல் ஒரு காலையில் அவரே கையெழுத்துப் போட்டுவிட்டார். தள்ளிக்கொண்டு போனார்கள். மத்தியானம் திரும்பக் கொண்டுவந்தார்கள். கண் திறந்தார், தண்ணீர் குடித்தார், பேசவில்லை. நர்ஸ் கேட்டதற்கெல்லாம் விரலால்தான் பதில். சாயங்காலம் வரை அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். குரல் போய்விட்டது என்று முடிவு கட்டினேன். உள்ளே என்னவோ செய்துவிட்டு மறைக்கிறார்கள். அமெரிக்காக்காரருக்கே இந்தக் கதி என்றால் அறந்தாங்கிக்காரனுக்கு?

மறுநாள் காலை அந்த வண்டுச் சத்தம் வந்தது. ம்ம்ம். நிறுத்தினார். மறுபடியும் ம்ம்ம், கொஞ்சம் மேலே. பிறகு தவமலரைக் கூப்பிட்டுக் கதவை மூடச் சொல்லி, கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்தார். தலையணையை எடுத்து வயிற்றோடு இறுக்கிப் பிடித்துக்கொண்டார். வாயைத் திறந்தார்.

அதை எப்படி எழுதுவது? அவர் கத்தவில்லை. கழுத்தில் ஒரு நரம்பு புடைக்கவில்லை. ஆனால் என் கை வைத்திருந்த கட்டில் கம்பி அதிர்ந்தது. ஒரே ஒரு ஆ. அது நீண்டு, அகலமாகி, அறைக்குள் இடம் போதாமல் நின்றது. கடைசியில் வலியில் உடைந்து இருமலாகிவிட்டது. வெளியே துடைப்பக் கட்டையோடு ஒரு பெங்காலி பாய் கதவைத் திறந்துகொண்டு வந்து, "கியா ஹுவா? கோன் மர் கயா?" என்றான். யார் செத்தது என்று கேட்கிறான்! தவமலர் மொழிபெயர்த்ததும் மிஸ்டர் வெண்டல் தலையணையைக் கட்டிக்கொண்டு சிரித்து, தையல் வலித்து, அழுதார்.

அன்று நான் கையெழுத்துப் போட்டேன். போடுவதற்கு முன்னால் தவமலரை ஒவ்வொரு வரியாகப் படிக்க வைத்தேன். "இதுல எங்கயாவது விசா கேன்சல்னு இருக்கா?"

"இல்லை அண்ணை. போடுங்கோ. எனக்கு வேற ஆக்களும் இருக்கினம்."

மயக்கம் தெளிந்தபோது டாக்டர் முகம் மேலே தெரிந்தது. பெயர் சொல் என்றார். சொன்னேன். காற்றுதான் வந்தது. சைக்கிள் டியூப்பில் இருந்து போகிற மாதிரி. நரம்பு கொஞ்சம் நசுங்கியிருக்கிறது, அறுபடவில்லை, வாரங்களோ மாதங்களோ ஆகலாம், வரும் என்றார். கட்டி கெட்டது இல்லை என்று பிறகு தெரிந்தது. அதைக் கேட்டபோது சந்தோஷப்படக்கூட எனக்குக் குரல் இல்லை.

பக்கத்துக் கட்டில் அதற்குள் காலி. காலையிலேயே ஹோட்டலுக்கு அனுப்பிவிட்டார்களாம். எனக்கு ஒரு செய்தி சொல்லிவிட்டுப் போயிருந்தார். குசுகுசுவென்று பேசாதே, அது நாணுக்கு இன்னும் கேடு, பேசினால் தாழ்த்திப் பேசு, இல்லாவிட்டால் பேசாமல் இரு. இதையும் உடனே நம்பவில்லை. டாக்டரிடம் எழுதிக் கேட்டேன், அவரும் அதையே சொன்னார்.

மனைவி போன் செய்தபோது பதில் சொல்ல முடியவில்லை. "யாரு அது? அவுக போன யாரு வச்சிருக்கது? பேசுங்க!" என்று பதறினாள். போனை நகத்தால் தட்டினேன். பிறகு, "நீங்கதான்னா ஒரு தட்டு தட்டுங்க" என்றாள். தட்டினேன். அதன் பிறகு பல நாள் அப்படித்தான் குடும்பம் நடத்தினோம். ஆம் என்றால் ஒரு தட்டு, இல்லை என்றால் இரண்டு. சாப்பிட்டீர்களா, ஒரு தட்டு. வலிக்கிறதா, இரண்டு. அதில் பொய் சொல்வது சுலபமாக இருந்தது.

சைட்டுக்குத் திரும்பினேன். குரல் போனது எஞ்சினியருக்குத் தெரியாமல் இருக்கச் செல்லத்துரை ஒரு வழி செய்திருந்தான். "நீங்க மெல்லச் சொல்லுங்க அண்ணாச்சி, நா வெளிய சொல்லுதேன்." நான் அவன் காதில் சொல்வேன், அவன் ஸ்லாபில் சத்தம் போடுவான். பையன்கள் கேலி செய்தார்கள், அண்ணனுக்கு ஸ்பீக்கர் மாட்டியிருக்கிறது என்று. என் வேலை நின்றது அவனால்தான். ஆனாலும் நான் சொன்னதைத்தான் சொல்கிறானா என்று ஒவ்வொரு தடவையும் காது கொடுத்துக் கேட்பேன். சொன்னதைத்தான் சொன்னான். நாளாக ஆக என்னை விட நன்றாகவும் சொன்னான். சாயங்காலக் "கலாஸ்" அவன் வாயில் வட்டமாக விழுந்து கீழே வரை உருண்டது.

கண்ணாடி முன்னால் தினமும் தாழ்த்திப் பேசிப் பார்த்தேன். வெயில் குறைந்து, காலையில் பனி இறங்கத் தொடங்கிய ஒருநாள் சாயங்காலம், செல்லத்துரை ஸ்லாபின் ஓரத்துக்குப் போய் மூச்சை இழுத்தான். நான் அவன் பின்னால் நின்றிருந்தேன். யோசிக்கவில்லை. வயிற்றிலிருந்து வந்தது.

"கலாஸ்!"

பழைய குரல் இல்லை. ஒரு படி கீழே, கொஞ்சம் கரகரப்பு. ஆனால் போனது. கீழே சுத்தியல்கள் நின்றன.

செல்லத்துரை வாய் திறந்தபடியே திரும்பினான். மிஸ்டர் வெண்டல் சொன்ன இரண்டும் அந்த முகத்தில் இருந்தன. நான் சத்தியமாகப் பார்த்தேன். ஒன்று வர, மற்றது போகவில்லை. பிறகு, "வந்துட்டுல்லா! அண்ணாச்சிக்கு வந்துட்டுல்லா!" என்று என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். அவன் ஹெல்மெட் என் தையல் தழும்பில் இடித்தது.

மறுநாள் மத்தியானம் நான் அவனிடம், "சாப்பாட்டுக்கு நீயே கூப்புடு. சாயந்தரத்த நான் பாத்துக்குறேன்" என்றேன்.

அவன் என் கழுத்தைப் பார்த்தான். "ஏன் அண்ணாச்சி, மறுபடியும் தொண்டைக்கு ஏதும் ஆகுதா?"

அதை அவன் எந்த மனசோடு கேட்டான் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இரண்டு மனசோடும் கேட்டிருப்பான் என்று வைத்துக்கொண்டு, இல்லை என்று தலையாட்டினேன். அவன் ஓரத்துக்குப் போய் நின்று, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தான்.